பானெட் பாயின் அமெரிக்க லாரி

ஆம்பூரில் அமெரிக்க விலைவாசியை அன்றாடம் விசாரித்துக்கொண்டிருந்த ஒரே மனிதர், எங்கள் தெருவில் தோல் மண்டி வைத்திருந்த பானெட் பாய்தான். மண்டி வாசலில் நீண்ட மூக்கோடு, அதாவது பானெட்டோடு, ஒரு பழைய அமெரிக்க லாரி நிற்கும்; அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். ஷூ கம்பெனியில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க அது ஓடிப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் இந்த மாதிரி லாரிகளை ஆசை ஆசையாக வாங்கிச் சேர்க்கிறார்கள், விலை ஏறிக்கொண்டே போகிறது என்று பாய் போனில் வீடியோ பார்த்துவிட்டார். எங்களுக்குச் சனி பிடித்தது. அங்கே ரேட் ஏற ஏற இங்கே எங்கள் உரிமை பறிபோனது. முதலில், லாரியில் சாயக்கூடாது. அப்புறம், பம்பரில் டீ கிளாஸ் வைக்கக்கூடாது. ஒருநாள் பக்கத்தில் நின்று தும்மிவிட்டேன்.

"இன்னா சார் இது, பெயின்ட் மேலயா தும்முவாங்க? நேத்துதான் ரேட் ஜாஸ்தி ஆயிருக்கு."

ஒரு காலத்தில் பச்சைத் தோல் ஏற்றிய வண்டி; இன்னும் நாற்றம் குடலைப் பிடுங்கும். "கழுவக்கூடாதா பாய்?" என்றேன்.

"ஒரிஜினல் கண்டிஷன் சார். கழுவுனா ரேட் கம்மியாய்டும்."

கடைசியில் பெங்களூரிலிருந்து பழைய வண்டி சேர்க்கும் ஒருவர் தேடி வந்தேவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டே லாரியைச் சுற்றி வந்து சொக்கிப்போனார். பாய்க்கு விற்கும் உத்தேசமே கிடையாது. ஆனால் வந்தவரிடம் பேரம் பேசாமல் அனுப்பினால் மண்டிக்காரருக்கு என்ன மரியாதை? இருவர் கைமேலும் துண்டைப் போட்டார். தோலுக்கு அவர் வாயால் விலை பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான். யாராலும் வாங்க முடியாத ஒரு விலையை விரலில் சொன்னார்.

பெங்களூர்க்காரர் இது ஏதோ வரவேற்பு என்று நினைத்து, பாயின் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கிவிட்டார். மண்டி வழக்கப்படி, குலுக்கினால் வியாபாரம் முடிந்தது.

பாயின் முகம் செத்துவிட்டது. துண்டுக்குள் கொடுத்த வாக்கை அவர் மாற்றியதே இல்லை. லாரியின் மூக்கை மெல்லத் தடவினார்.

"எடுத்துக்கினு போங்க சார். மழைல மட்டும் நிக்க வெக்காதீங்க."

"ரொம்ப சந்தோஷம். விலை எவ்ளோன்னு சொல்லவே இல்லயே?" என்றார் பெங்களூர்க்காரர்.

பாய் என்னைப் பார்த்தார். நான் துண்டைப் பார்த்தேன்.

"ரேட்டே புரியலியா? அப்ப பேரமே நடக்கல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க சார், பிரியாணி சாப்ட்டுப் போலாம்."

சாப்பிடும்போதும் பெங்களூர்க்காரர் விலை கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கும்போதெல்லாம் பாய் இன்னொரு கறித்துண்டை அவர் தட்டில் வைத்தார்.

நான் இப்போது வேலூரில் இருக்கிறேன். பாய் இன்னும் போன் செய்து சொல்கிறார்: "ஏறிட்ச்சி சார்." எனக்கெதற்கு லாரி? ஏறிக்கொண்டே இருக்கட்டும், அந்தச் சாக்கிலாவது அவர் குரலைக் கேட்கலாம்.