பிரேக்கை மிதித்தால் காற்று வரும்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். உயிரே போவதானாலும் தூங்கி எழுந்த பிறகுதான் போக வேண்டும்.

இது ஒரு சபதமா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் ஐந்து கிலோ பூண்டு இல்லை, கேட்பீர்கள். என் மனைவி ஓர் ஓட்டலுக்குப் பூண்டு உரித்துக் கொடுக்கிறாள். திங்கட்கிழமை காலையில் டப்பா போயாக வேண்டும். ஞாயிறு மத்தியானம் என் தலை தலையணையைத் தொட்டதுமே பூண்டுத் தட்டு நெஞ்சில் வந்து உட்காரும். ஆறு வருஷமாக உரித்து உரித்து என் கட்டைவிரல் ரேகையே அழிந்துவிட்டது.

ஆகவே கம்பி நீட்டுவதென்று தீர்மானித்தேன், அதுவும் நிஜக் கம்பியை. என்னிடம் பிக்கப் வண்டி இருக்கிறது. பர்னிச்சர் கடைக்குக் கட்டில், மெத்தை ஏற்றிப் போகிறேன். மேலே தார்ப்பாய்க் கூரை. உள்ளே கடையில் கழித்துப்போட்ட ஒரு மெத்தை. காற்றுதான் இல்லை, படுத்தால் பத்து நிமிஷத்தில் வெந்துவிடுவேன். சின்னதாக ஒரு பன்னிரண்டு வோல்ட் ஃபேன் வாங்கினேன். வண்டி ஒயரிலிருந்தே கரண்ட் எடுத்துவிட்டால் தீர்ந்தது.

"சரக்கு ஏத்தறப்ப ரொம்ப வேர்க்குது, அதுக்குத்தான்" என்று மனைவியிடம் சொல்லி வைத்தேன்.

"அப்பாவைக் கூப்பிடட்டுமா?"

மாமனாருக்கு வண்டி ஒயரிங் கடை. இவளும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். ஒரு ஃபேனுக்காக அவரைக் கூப்பிட்டால் ஆயுசுக்கும் அவர் முன்னால் நான் கால்மேல் கால் போட முடியாது.

"உங்கப்பா எதுக்கு? ரெண்டே ஒயர். சின்னக் குழந்தைகூடக் கட்டிடும்."

"அதான் பயமா இருக்கு. நீங்க பெரியவராச்சே."

பேட்டரி வண்டியின் முன்பக்கம். நான் வாங்கியதோ ஆறடி ஒயர். எட்டவில்லை. ஆனால் பின்பக்க லைட்டுகளுக்குப் போகும் ஒயர்க் கொத்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எல்லா ஒயரிலும் கரண்ட்தானே ஓடுகிறது? பார்க்க லட்சணமாக இருந்த பச்சை ஒயரைத் தேர்ந்தெடுத்துத் தோலை உரித்தேன். உரிக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்! முறுக்கி, டேப் சுற்றினேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "அந்த ஒயரா?"

"ஏன், இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்ல ஒயர்தான்."

ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் அசையவில்லை. தட்டினேன். ஊதினேன். திட்டினேன். ம்ஹூம்.

"நீங்க போய் வண்டில சாவி போடுங்க. நான் ஃபேனைப் பாத்துச் சொல்றேன்" என்று பின்னால் ஏறி மெத்தையில் உட்கார்ந்தாள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"ஓடுது!"

இறங்கி ஓடினேன். ஃபேன் சும்மா இருந்தது.

"எங்க ஓடுது?"

"இப்பத்தான் நின்னுச்சு."

மறுபடி ஏறினேன். "ஓடுதுங்க! ஜிலுஜிலுன்னு வருது!" மறுபடி இறங்கினேன். மறுபடி நின்றது.

"என்ன, விளையாடறியா?"

"நான் என்ன பண்ணேன்? நீங்க சீட்ல இருந்தா ஓடுது, எறங்கினா நிக்குது. உங்க மேல அவ்வளவு பாசம்!"

நாலாவது தடவை ஏறும்போதுதான் உறைத்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் என் கால் பழக்கத்தில் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது. நான் கட்டியிருப்பது பிரேக் லைட் ஒயர். நான் முன்னால் மிதித்தால்தான் பின்னால் காற்று வரும்!

ஒப்புக்கொண்டால் மாமனார் வந்துவிடுவார். வாய் முந்திக்கொண்டது.

"இது பாதுகாப்பு ஏற்பாடு. முன்னாடி ஆள் இருந்தாத்தான் ஓடும். வேணும்னேதான் அப்படி வச்சேன்."

"அடேங்கப்பா! அப்ப கொஞ்ச நேரம் அங்கயே உக்காருங்க. உங்க ஏற்பாட்டை நானும் அனுபவிச்சுப் பாக்கறேன்."

என் மெத்தையில், என் ஃபேன் காற்றில் காலை நீட்டிப் படுத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து என் காலை மெல்ல எடுத்தேன்.

"என்னங்க, காத்து நின்னுடுச்சு. ஏற்பாடு கெட்டுப்போச்சா? அப்பாவுக்குப் போன் போடட்டுமா?"

மிதித்தேன்.

பக்கத்து வீட்டு வாத்தியார் வந்து நின்றார். "என்ன சார், ரொம்ப நேரமா பிரேக் போட்டுட்டே இருக்கீங்க? வண்டி ஓடவே இல்லையே?"

"பிரேக் போட்டா எப்படி சார் ஓடும்?"

அவர் யோசித்துக்கொண்டே போனார்.

அப்போது முதுகுப்பக்கத்துச் சின்ன ஜன்னல் திறந்தது. எப்போது இறங்கிப்போய் எடுத்து வந்தாளோ, ஒரு தட்டு உள்ளே வந்தது. எங்கே போனாலும் எனக்கு அந்த வாசனை தெரியும்.

"காலுக்குத்தானே வேலை? கை சும்மாதானே இருக்கு?"

உரித்தேன். கால் மிதிக்க, கை உரிக்க, பின்னால் குறட்டை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மத்தியானம் தூங்கி நான் பார்த்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு ஐந்து கிலோவும் முடிந்தது. அவள் சோம்பல் முறித்து எழுந்தாள். டேப்பைப் பிரித்தாள், பச்சையிலிருந்து கழற்றிப் பக்கத்திலிருந்த பழுப்பு ஒயரில் முறுக்கினாள்.

"பார்க்கிங் லைட்டைப் போடுங்க."

போட்டேன். காலை எடுத்தேன். ஃபேன் பாட்டுக்கு ஓடியது!

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க கட்டறப்பவே. நாலாங்கிளாஸ்லயே எனக்கு இதெல்லாம் மனப்பாடம். சரி, நீங்க போய்ப் படுங்க."

தெய்வமே என்று பாய்ந்து போய் மெத்தையில் விழுந்தேன். காற்று முகத்தில் அடித்தது. கண் சொருகியது. ஃபேன் நின்றது.

எட்டிப் பார்த்தேன். ஒயரை மறுபடி பச்சையில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அதை எதுக்கு மாத்தற?"

"அடுத்த வாரம் எட்டு கிலோ ஆர்டருங்க."