பேனர் படம் கேட்ட அத்தானுக்கு

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து சண்முகவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு கடை, வீடு, பிள்ளைகள் எல்லாம் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை. அக்காவுக்கு மூட்டுவலி தேவலையா?

திருவொற்றியூர் காப்பகத்தில் இருக்கும் மலரைக் கடைக்காரர்கள் பதினோரு பேர் சேர்ந்து படிக்கவைப்பது உங்களுக்குத் தெரியும். அவள் ஓட்டப்பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்ததும், பேனர் வைத்தே தீரவேண்டும் என்று எங்களில் ஒருவனான ரெஜி குதித்தான். அதன் படத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பேனரே இப்போது இல்லை அத்தான். இந்த ஊரில் காதுகுத்துக்கும் பேனர், கருமாதிக்கும் பேனர். நாங்களும் பெரிதாக அடித்து, அவள் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே கட்டினோம். எங்கள் முகம் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. அதில் பக்கத்துக் கடை எபினேசர் கூலிங்கிளாஸ் போட்டு செல்போனில் பேசுகிறார். திசையன்விளையில் இருக்கிற உங்களையும் வேட்டி சட்டையோடு ஓரமாக நிறுத்தியிருந்தோம், கோவிச்சுக்காதீங்க. மலர் படத்துக்கு இடம் பத்தவில்லை, கீழே ஒரு மூலையில் தபால்தலை அளவில் வைத்தோம். உச்சியில், 'ஆதரவற்ற சிறுமிக்கு அன்புக்கரம் நீட்டிய வள்ளல்களே!' அந்த வரி நான் எழுதியது. எழுதின கையை இப்போ எங்கே வச்சுக்கிறதுன்னே தெரியல.

மறுநாள் காப்பகப் பொறுப்பாளர் தேவப்பிரியம் போன் பண்ணினார். "மலரு ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது சார். கூடப் படிக்கிற புள்ளைங்ககிட்ட தாய்மாமன் வூட்ல இருக்கறதா சொல்லி வெச்சிருந்திச்சு. நீங்க ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்க." போனை வைத்துவிட்டு அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரும் பதறி ஓடிப் பேனரைப் பிரித்து, சரக்கு ஏற்றிப் போகிற செல்வத்தின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி அனுப்பினோம். அந்த நேரம் பார்த்தா மழை வரணும்? அந்த மகராசன் வண்டியில் இருந்த சரக்கு நனையாமல் பேனரையே விரித்து மேலே கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், அதே வாசல் வழியாக மெதுவாக மிதித்துப் போயிருக்கிறான். முதல்நாள் பார்க்காத பிள்ளைகளும் பார்த்தாச்சு.

மன்னிப்புக் கேட்கக் காப்பகத்துக்குப் போனோம். ரெஜி பழக்கதோஷத்தில் சால்வையோடு வந்தான், பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். மலருக்கு அழுது முகம் வீங்கியிருந்தது.

"நான் ஜெயிச்சதுக்குத்தான சார் பேனர் வெச்சீங்க? அதுல நான் எங்க கீறேன்?"

முதுகுக்குப் பின்னால் இருந்த சால்வையை இன்னும் சுருட்டிக்கொண்டேன் அத்தான். நம்ம வீட்டுப் பிள்ளைன்னா இப்படிச் செய்வோமா?

பிறகு அவளே சொன்னாள். "சனிக்கெயம பேரண்ட்ஸ் மீட்டிங். பேனர்ல தப்பா போட்டுட்டாங்க, எங்க மாமா வருவாருன்னு சொல்லிகீறேன். ஒருத்தர் மட்டும் வாங்க. போட்டோ கீட்டோ எடுக்காதீங்க. சொம்மா பக்கத்துல குந்துங்க, அது போதும்."

நான் போவது, மற்றவர்கள் கடையில் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று முடிவு. எல்லோரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். இனி நாங்கள் செய்வது ஈ காக்கைக்குத் தெரியாது.

அக்காவுக்கு என் வணக்கம், மருமக்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தலை நிமிராத மைத்துனன்
சண்முகவேல்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்து போய்விட்டது. நான் மலர் பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சரிடம் "தாய்மாமன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் எபினேசர், கூலிங்கிளாஸ் இல்லாமல். அவரும் தாய்மாமனாம். அடுத்து பாத்திரக்கடை கௌசர் அக்கா பர்தாவோடு வந்து, பதற்றத்தில் தானும் தாய்மாமன்தான் என்று சொல்லிவிட்டார். ரெஜி சால்வையோடு நுழைந்தான். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தராகப் பதினோரு பேரும் வந்து சேர்ந்தோம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. போச்சு, மறுபடியும் அந்தப் பிள்ளை மானத்தை வாங்கிட்டோம் என்று நினைத்தேன். மலர் எழுந்து நின்றாள்.

"எங்க வூட்ல மாமனுங்க ஜாஸ்தி மிஸ். நல்லவங்கதான். வெளம்பரம் மட்டும் கொஞ்சம் புடிக்கும்."

நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, விழாத பேனாவை ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.