மாடி அறையில் கேட்ட குரல்

உயிரே போனாலும் மாடி அறையை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். இதை ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். என் மனைவி ஜெயமதியிடம் மட்டும் சொல்லவில்லை.

ரிட்டயர் ஆனதிலிருந்து, காயலான் கடையில் பழைய வாக்கி-டாக்கிகளைப் பொறுக்கி வந்து அந்த அறையில் ரிப்பேர் பழகுகிறேன். பிரித்து மாட்டுவது சுலபம். அலைன்மென்ட்தான் ஆளைக் கொல்லும். உள்ளேயிருக்கும் பொடி ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினால் பேச்சு வரும். இன்னொரு மயிரிழை திருப்பினால் வெறும் இரைச்சல். மூன்று செட்டில் இரண்டைப் பேச வைத்துவிட்டேன். மூன்றாவது மசியவில்லை. தேறாத கேஸ் என்று ஜெயமதியிடம் கொடுத்தேன். வடாம் துணி பறக்காமலிருக்க அதை மேலே வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, மாடி ரூமை வாடகைக்கு வுடப் போறேன். நம்ம ஆசிரமம் பக்கம் ரூமுக்கு அலையறாங்க. நாளைக்கு சாயங்காலம் பிரசாத்னு ஒருத்தர் வர்றாரு. சென்னையில வேலைய வுட்டுட்டு தியானத்துக்கு வந்தவராம்."

"என் ரேடியோல்லாம்?"

"படிக்கட்டுக்கு அடியில வெச்சிக்குங்க."

"அங்க சிக்னல் கம்மி."

"இங்க இரைச்சல் ஜாஸ்திங்க."

யுத்தத்துக்குத் தயாரானேன். ஒரு செட்டை மாடி அறைப் பரணில் ஒளித்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரலில் ஒத்திகை பார்த்தேன். "நீ... யாரு?" எனக்கே முதுகு சில்லிட்டது. பிரசாத் செருப்பை விட்டுவிட்டு ஓடுவார்.

மறுநாள் வெயில் இருக்கும்போதே சாப்பிட்டு எழுந்தோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் ஜைனக் குடும்பம் எங்களுடையது. விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் அடுப்பங்கரை இருண்டு கிடக்கும்.

தொட்டிக்குப் பின்னால் குந்தினேன். எதிரே மலை கறுத்துக்கொண்டே வந்தது. காற்று நின்றுவிட்டது. ஒரு காக்கை கூட இல்லை. பிரசாத்தை அறைக்குள் விட்டுவிட்டு ஜெயமதி படியிறங்கும் சத்தம் கேட்டது. பொத்தானை அழுத்தினேன்.

"நீ... யாரு?"

அலறல் இல்லை. ஓட்டமும் இல்லை. மறுபடி கேட்டேன். உள்ளே ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். கையிலிருந்த செட் மெல்ல மூச்சு விட்டது.

"நீ... யாரு?"

அது என் குரல் இல்லை. பரணிலிருந்தும் அதே குரல் வந்தது. வேறு எந்த செட்டும் உயிரோடு கிடையாது. 

"ஒளிஞ்சிக்கினு கேக்கறியே... அந்த நீ... யாரு?"

"தர்மசந்திரன்ங்க, கலெக்டர் ஆபீஸ்ல ரிட்டயர்டு," என்று பொத்தானை அழுத்தாமலே பதில் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன்.

இருட்டு அடுப்பங்கரையில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால் ஜெயமதி. அவள் கையில் வடாம் துணி செட்.

"அது செத்துப்போன செட்டாச்சே."

"ஸ்க்ரூவ எதிர்ப்பக்கம் திருப்பினேங்க, பேசிடுச்சு. நேத்து வடாம் எடுக்கறப்ப உங்க ஒத்திகையும் அதுல கேட்டுச்சு."

"பிரசாத் ஓடலையா?"

"ஏன் ஓடறாரு? சாயங்காலத்துல அந்த ரூம்ல ஒரு குரல் கேக்கும்னு நேத்தே போன்ல சொல்லிட்டேன். அவங்கல்லாம் இந்த ஊருக்கு வர்றதே 'நான் யாரு'ங்கற அந்த ஒரு கேள்விக்காகத்தாங்க. கண்ண மூடி ஒக்காந்துட்டாரு. அட்வான்ஸும் குடுத்துட்டாரு."

"என்னை எதுக்குப் பயமுறுத்தின?"

"நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. மனுஷன் ஏமாந்துட மாட்டாரா? நாளையிலேர்ந்து லேட் பண்ணாதீங்க."

இப்போது தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் தொட்டிக்குப் பின்னால் குந்துகிறேன். தான் யார் என்று பிரசாத் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். நான் யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது: ஜெயமதி வீட்டின் சம்பளமில்லாத பேய்.