முதலில் பெரிதாகக் கேட்க வேண்டும்

இனிமேல் இந்த வீட்டில் நான் நினைத்ததுதான் நடக்கும் என்று ஒரு வியாழக்கிழமை மாலை முடிவு செய்தேன். அதுவரை நடந்ததெல்லாம் என் மனைவி நினைத்தது. அவள் நினைப்பது பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடும். அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சமுதாயக் கல்லூரியிலிருந்து வந்தது. பம்புசெட் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் நட்டும் வாஷரும் என் சொல்லைக் கேட்கும். ஆள்கள் கேட்பதில்லை. முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "சூப்பர்வைசர் ஆகணும்னா மனுஷங்களைப் புரிஞ்சுக்கணும்யா. எங்கேயாவது போய்ப் படிச்சிட்டு வா" என்றார். அப்படித்தான் சமூக அறிவியலும் நடத்தை அறிவியலும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற மாலை வகுப்பில், ஐம்பது வயதுக்கு மேல் போய்ச் சேர்ந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர். மனிதர்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பார். சான்றிதழ்தான் இல்லையாம்.

பாடம் நடத்திய மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அந்த வியாழக்கிழமை அவர் சொன்னது இது.

"ஒருத்தர்கிட்ட சின்னதா ஒண்ணு வேணும்னா, முதல்ல அவங்க ஒத்துக்கவே மாட்டாங்கங்கிற மாதிரி பெருசா ஒண்ணு கேளுங்க. முடியாதும்பாங்க. சொல்லிட்டோமேன்னு மனசு உறுத்தும். அந்த நேரம் பாத்து சின்னதைக் கேட்டா சரின்னுடுவாங்க."

என் உடம்பு சிலிர்த்துப் போய்விட்டது. "இதுல இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கு" என்று மேடம் போர்டு பக்கம் திரும்பினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு வேண்டிய முக்கியம் கிடைத்துவிட்டது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு அறை. பால்கனியை ஒட்டிய சின்ன அறை, மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து காலி. நல்ல ஜன்னல், நல்ல மின்விசிறி, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே தாழ்ப்பாள். அங்கே மல்லாந்து படுத்து, நெஞ்சில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் மனைவிக்கும் அந்த அறைமேல் கண். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். தையல் மெஷின், வெட்டுகிற மேஜை, துணி மூட்டைகள் எல்லாம் ஹாலில். நான் டிவி பார்ப்பது இரண்டு மூட்டைகளுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாக. அறை எனக்கு என்று நானும், மெஷினுக்கு என்று அவளும், பேசிப் பேசி அலுத்துப் போயிருந்தோம்.

பெரிதாக எதைக் கேட்பது? பஸ்ஸில் வரும்போதே பிடிபட்டுவிட்டது. என் அக்கா.

அக்கா பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்த ஊரில் தனியாக இருக்கிறாள். அவள் கண்ணுக்கு நான் இன்னும் பல் தேய்க்காத பையன். அவள்மேல் எனக்குப் பாசம் உண்டு. தூரத்தில் இருந்தால் அது நன்றாகவே வளர்கிறது. என் மகள் கல்யாணத்தில் சாமான் அறைச் சாவி யார் கையில் இருப்பது என்று அவளுக்கும் என் மனைவிக்கும் பெரிய சண்டை. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. எரிகிற வீட்டில் எனக்கென்ன வேலை?

வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க." மெஷின் நிற்கவில்லை.

"தப்பா நினைக்கக் கூடாது."

"கேட்டப்புறம் நினைச்சுக்கிறேன்."

"அக்காவை இங்கேயே கூட்டிட்டு வந்துடலாம்னு பாக்கறேன். நிரந்தரமா. பால்கனி ரூமை அவளுக்குக் குடுத்துடலாம்."

மெஷின் நின்றது. மனதுக்குள் மேடத்தைக் கும்பிட்டேன். இதோ 'முடியாது' வரும். உடனே நான் முகத்தைத் தொங்கப் போட வேண்டும். 'சரி, அக்கா வேணாம், ரூமையாவது எனக்குக் குடு' என்று தழுதழுக்க வேண்டும். தழுதழுப்பைக்கூட மாடிப்படியில் ஒத்திகை பார்த்தாயிற்று.

"நல்ல யோசனைங்க" என்றாள் மனைவி.

"என்னது?"

"பாவம் அண்ணி. எத்தனை நாள்தான் தனியா இருப்பாங்க? நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

"நான் சொன்னது நிரந்தரமா."

"காதுல விழுந்துச்சு."

"அவ ஹாஸ்டல்ல ஊதின விசில் எல்லாம் எடுத்துட்டு வருவா!"

"வரட்டும். வீட்டுல ஒரு ஒழுங்கு வரும்."

"அவசரம் ஒண்ணும் இல்ல. நல்லா யோசிச்சு, மெதுவா..."

அவள் யோசிக்கவில்லை. அதற்குள் போனைப் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள்.

"டேய்!" என்றது போன். நான் எழுந்து நின்றேன். "என்னை வரச் சொன்னது நீயா?"

"ஆமாக்கா."

"சத்தமா சொல்லு."

"ஆமாக்கா!"

"நகம் வெட்டினியா?"

கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். போனில் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வர்றேன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிற பழக்கம் இருக்கா?"

"இல்லக்கா."

"வந்துடும்."

அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் தலையை ஆட்டினார். "ஏத்தறது சுலபம் சார். இறக்கறதுதான் கஷ்டம். அதுவும் அக்காவை" என்றார். மேடம் வந்ததும் கையைத் தூக்கினேன்.

"மேடம், பெருசா கேட்டோம். அவங்க சரின்னுட்டாங்க. அப்ப என்ன செய்யறது?"

"கேட்டது கிடைச்சுட்டாலும் நம்மால தாங்க முடியணும் சார். அப்படிப்பட்டதைத்தான் கேக்கணும். அதைத்தான் முக்கியமான விஷயம்னு சொன்னேன். நீங்க அதுக்குள்ள கிளம்பிட்டீங்க."

"இப்ப தப்பிக்க வழி இருக்கா மேடம்?"

"அது குடும்பச் சமூகவியல்ல வரும். அடுத்த செமஸ்டர்."

அடுத்த செமஸ்டருக்குள் நான் அஞ்சு மணிக்கு எழுந்து, போர்வையை நாலாக மடித்து, வரிசையில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருப்பேன். கல்வியை நம்பிப் பயனில்லை என்று நேராக மனைவியின் காலில் விழுவதென்று தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமை மாலை, கிட்டத்தட்ட விழுந்தேன்.

"அக்கா வேணாம். எப்படியாவது தடுத்துடு."

"நல்லா இருக்கே! கூப்பிட்டது நீங்க. இப்ப வேணாம்னா அண்ணி மனசு என்ன பாடுபடும்?"

"நான் படற பாட்டைப் பாரு."

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். நிதானமாகக் கோத்தாள். "ரூம் காலியா இருக்கு, அதனால வர்றாங்க" என்றாள். "ரூம்ல ஏதாவது இருந்தா வேற விஷயம்."

"என்ன இருந்தா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் படிக்கிறவர்."

நான் யோசித்தேன். ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். மூளையில் விளக்கு எரிந்தது.

"உன் மெஷின்! அதைத் தூக்கி உள்ள வெச்சுட்டா?"

"ஐயையோ, அது நீங்க படிக்கிற ரூம் ஆச்சே."

"படிப்பு கிடக்குது. நான் சமையலறையில படிச்சுக்கிறேன்."

"வெட்டற மேஜை பயங்கர கனம்ங்க."

"நான் தூக்கறேன்."

"துணி வைக்க சுவத்துல பலகை வேற அடிக்கணும்."

"அடிக்கிறேன்."

"வெளிச்சம் பத்தாது."

"டியூப்லைட் போடறேன். ஃபேனைத் துடைக்கிறேன். இன்னும் என்ன வேணும், சொல்லு!"

அவள் பெருமூச்சு விட்டாள். "உங்களுக்காக ஒத்துக்கறேன். அண்ணிகிட்ட நானே பக்குவமா பேசிக்கிறேன்."

நான் யாரையும் இவ்வளவு சீக்கிரமாக வழிக்குக் கொண்டுவந்தது கிடையாது. படித்த படிப்பு வீண்போகவில்லை என்று பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொன்னேன். மெஷினைத் தள்ளினேன். மேஜையைப் புரட்டிப் புரட்டி அறைக்குள் கொண்டுபோனேன். வாசலில் அது மாட்டிக்கொண்டது, நானும் கூடவே மாட்டிக்கொண்டேன். மூட்டைகளைத் தலையில் சுமந்தேன். பலகை அடித்தபோது சுத்தியல் பாதி நேரம் ஆணியிலும் மீதி நேரம் என் கட்டைவிரலிலும் விழுந்தது. மனைவி கையில் அளவு டேப்புடன் நின்று, "இன்னும் கொஞ்சம் மேல" என்றும், "முன்ன இருந்ததே தேவலை" என்றும் சொன்னாள். இடுப்பில் ஏதோ ஒன்று 'மளுக்' என்றது. நான் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தாலே எனக்கு மேஜை லேசாகிவிடும்.

சாயங்காலம் அறை நிரம்பிவிட்டது. ஒரு பூனைகூட உள்ளே படுக்க முடியாது. ஹால் பளிச்சென்று கிடந்தது. சோபாவில் காலை நீட்டிப் படுத்தேன். டிவி முழுதாகத் தெரிந்தது. தலைக்கு நேர்மேலே மின்விசிறி. இவ்வளவு நாள் இந்த ஹாலை விட்டுவிட்டு அந்தப் பொந்துக்கா சண்டை போட்டேன்? அறை போனால் போகட்டும், ஹால் என்னுடையது. தோற்பது போலத் தோற்று ஜெயித்திருக்கிறேன் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மனைவி போனுடன் வந்து பக்கத்தில் நின்றாள். நான் கண்ணை மூடி, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன்.

"அண்ணி, ரூம் இனிமே மெஷினுக்குத்தான்... ஆமா, போன வாரமே பேசிக்கிட்டமே, அதேதான்."

போன வாரமா? மெஷின் யோசனை எனக்கு வந்ததே நேற்றுதானே? நான் ஒரு கண்ணைத் திறந்தேன்.

"பலகைகூட அடிச்சாச்சு அண்ணி... பட்டன் வேலைதான் மலை மாதிரி கிடக்கு. நீங்க ஒரு கை குடுத்தீங்கன்னா, பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள முடிச்சுடலாம்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். இடுப்பு மறுபடியும் 'மளுக்' என்றது.

"கட்டிலா? தாராளமா எடுத்துட்டு வாங்க அண்ணி, ஹாலையே உங்களுக்காக உங்க தம்பி ஒத்தை ஆளா நின்னு காலி பண்ணி வெச்சிருக்கார்."