நாலாவது ரீலில் மங்கும் விளக்கு

நாலாவது ரீலில் விளக்கு மறுபடியும் மங்கியது.

ஞானதாஸ் கேபின் சுவரிலிருந்த சதுரத் துவாரத்தின் வழியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தாங்க, சாப்பிட வாங்க" என்று புருஷனைக் கூப்பிடுவாள். இந்தப் புதுப் படம் வந்த நாளிலிருந்து, அந்த இடம் வந்ததும் அவள் முகம் கரைந்துபோகிறது. மற்ற இடங்களிலெல்லாம் படம் பளிச்சென்று ஓடியது.

லஸ் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் அவர் ஆபரேட்டர். மெஷினுக்குள் இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளை நெருக்கி வைத்தால் நடுவில் வெளிச்சம் பற்றிக்கொள்ளும். எரிய எரியக் குச்சிகள் தேயும். இடைவெளி கூடினால் வெளிச்சம் தளரும். அதனால் ஒரு கை எப்போதும் திருகின்மேல் இருக்க வேண்டும். உள்ளே வெக்கை. புகையில் கண் எரியும், முகத்தில் வேர்வை வழியும். தோளில் துண்டோடு அதற்கெல்லாம் பழகியவர். இத்தனை வருஷத்தில் அவர் விளக்கைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை.

வாசலில் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் தேவானையைக் கேட்டுப் பார்த்தார்.

"அந்த அடுப்படி சீன்ல படம் மங்குதா, தேவானை?"

"எனக்கு இன்னா தெரியும் நைனா? படம் ஓட சொல்ல நான் வாசலண்ட கீறேன். முறுக்கு விக்கிறவன் மூஞ்சிதான் எனக்குப் படம்."

அன்று மாலை, அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே குச்சிகளை இன்னும் நெருக்கினார். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கொட்டகை இருண்டது. தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறந்தது.

மறுநாள் விளக்குக்குப் பின்னாலிருக்கும் வட்டக் கண்ணாடியில் குறை இருக்கலாம் என்று தோன்றியது. இடைவேளையில் ஈரத்துணியால் துடைத்தார். சூடு ஆறாத கண்ணாடி, ஈரம் பட்டதும் விரிசல் விட்டது. உலகச் சண்டைக் காலம்; சீமையிலிருந்து வேறு கண்ணாடி வர வழியில்லை. அதன்பின் முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை திரையின் ஒரு மூலையில் நிழல் விழுந்தது. அடுப்படிக் காட்சி எப்போதும்போல் தனியாகவும் மங்கியது.

"யோவ் ஆபரேட்டரு," என்று ஒருவன் கீழிருந்து கத்தினான். "ஹீரோ மூஞ்சில பாதிய வூட்லயே வச்சுட்டு வந்துட்டியா?"

மூச்சிரைக்கப் படியேறி வந்தார் முதலாளி வேதாந்தம்.

"என்னய்யா ஞானதாஸ், ஜனங்க கத்தறது மாடவீதி வரைக்கும் கேக்கறது. ஆத்துல சாப்ட்டுண்டிருந்தவன் கையலம்பிண்டு ஓடி வரேன்."

"வெளக்கு மங்குது சார். அதைத்தான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"நீர் சரி பண்றதுக்கு முன்னாடி ஒருத்தனும் கத்தலையே?"

ஞானதாஸ் யோசித்து வைத்திருந்த காரணத்தைச் சொன்னார். "சத்தமும் வெளிச்சமும் ஒரே கரண்ட்டுல ஓடுது சார். அந்தப் பொம்பளை கூப்பிடறப்ப சத்தம் கரண்ட்டை இழுக்குது. வெளக்கு எறங்கிடுது."

"வில்லன் அந்தக் கத்து கத்தறானே, அப்ப எறங்கலையா?"

"அவன் கத்தறது வேற சார். இவ கூப்பிடறது... இழுக்குது."

வேதாந்தம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"லீவு எடுத்துக்குமேன். ஆத்துக்காரி போய் முப்பதாம் நாள் பூசைகூட ஆகலை. அடக்கம் பண்ணின மறுநாளே வந்து நின்னுட்டீர்."

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சு சார். வெளக்கைப் பத்திப் பேசுவோம்."

மனைவி வெரோனிகாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அழுதார்கள். ஞானதாஸ், பெட்டி சாயாமல் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு பிடித்தவர்களிடம், "இடது பக்கம் கொஞ்சம் விடுங்க" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

"சரி, இன்னிக்கு ஒரு நாள் பாரும்," என்றார் வேதாந்தம். "மறுபடி தகராறு வந்தா தி. நகர்லேர்ந்து மெஹபூப் பாஷாவை வரச் சொல்லிடுவேன். நீர் ஆத்துல இருந்து ரெஸ்ட் எடுத்துக்கணும்."

சாந்தோமில் ஞானதாஸின் வீட்டில் இப்போது கடல் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். பகலெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று நாலாவது ரீலில், அவள் எட்டிப் பார்த்ததும் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்தார். அவள் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அப்போதும் முகம் கரைந்தது.

"யோவ், சாப்பிடக் கூப்புடறாய்யா. அவன் காதுல வுழலன்னா பட்னிதான் கெடப்பான்," என்றது தரை டிக்கெட்.

"சோத்த நீயே துன்னுட்டியா, ஆபரேட்டரு?" என்றது பெஞ்சு. பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு எழுந்தது.

மறுநாள் மாலை மெஹபூப் பாஷா வந்துவிட்டார். தடித்த மனிதர். வணக்கம் சொல்லிவிட்டு ஒயர்களைத் தடவிப் பார்த்தார், குச்சிகளின் நுனியைப் பார்த்தார், விரிசல் விட்ட கண்ணாடிக்காக உச்சுக் கொட்டினார்.

"இந்த மூல நெழல் ஒண்ணுதான். மத்ததெல்லாம் நல்லாத்தான் கீது."

"நாலாவது ரீல் வரட்டும், பாஷா. அப்ப சொல்லு."

ரீல் வந்தது. ஞானதாஸ் ஒரு துவாரத்திலும் பாஷா பக்கத்துத் துவாரத்திலும் கண்ணை வைத்தார்கள். சத்தம் முழுசாக இருந்தது. அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்தாங்க, சாப்பிட வாங்க."

"பாரு, பாரு," என்றார் ஞானதாஸ். "மொகமே தெரியல பாரு. இப்பவாவது நம்பறியா?"

பாஷா திரையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். ஞானதாஸின் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டுத் திருகைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"வெளக்கு நல்லா எரியுது நைனா. அத்த நான் பாத்துக்கறேன், நீ கண்ணத் தொடச்சிக்கோ."