சுவரைப் பார்த்த டின்கள்

டின் மிஸ்ஸியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நுவரெலியா மாவட்டம் அதற்கு முன்பு பெற்றதில்லை. இனிப் பெறும் தெம்பும் அதற்கு இருக்காது. எந்த மழைக்கும் அசையாத ராகலைக் கடைக்காரர்கள் அவருடைய கறுப்புக் குடையைக் கண்டால் நடுங்கினார்கள். நானும் நடுங்கினேன். எனக்கு அவர்களைவிடக் கூடுதல் காரணம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் தாதிமாரையும் மருத்துவிச்சிமாரையும் மிஸ்ஸி என்போம். இவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சி. வேலை தோட்டத்தில்தான், ஆட்சி மட்டும் ராகலை பஜார் முழுக்க. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நேரே குழந்தைப் பால்மா அடுக்கியிருக்கும் தட்டுக்குப் போவார். டின்களை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். அப்புறம்தான் தனக்கு வேண்டிய சீனியைக் கேட்பார். அவர் படியிறங்கியதும் கடைக்காரர் டின்களை முன்பக்கம் திருப்புவார். பஸ் தவறிவிட்டால் மிஸ்ஸி திரும்பி வருவார். டின்கள் மறுபடியும் சுவரைப் பார்க்கும்.

டின்னில் குழந்தைப் படம் போடக்கூடாது என்ற விதி இருந்ததால், கம்பெனி சிரிக்கிற முயல்குட்டி ஒன்றைப் போட்டிருந்தது. மிஸ்ஸிக்கு அந்த முயல்மீதும் நம்பிக்கை இல்லை. “வேணுங்கிறவங்க டாக்டர் எழுதிக் குடுத்த துண்டோட வந்து பேரச் சொல்லிக் கேப்பாங்க. முயலு வந்து கூப்பிடத் தேவையில்ல” என்று ஒருமுறை நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டார். நானா அன்று முழுக்க அந்த முயலைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முயலைக் கடை கடையாகக் கொண்டுபோனவன் நான்தான். தொண்ணூறுகளின் கடைசி அது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, பால்மாக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகி, டை கட்டி மோட்டார் சைக்கிளில் திரிந்தேன். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்? சம்பளச் சனிக்கிழமைகளில் டின் வாங்கும் தாய்மாருக்குப் பால் போத்தல் ஒன்று இலவசமாகக் கொடு, கைக்குழந்தைக்காரிகளுக்கு மாதிரி டின்னும் கொடு என்று மேலிருந்து வாய்மொழியாகச் சொல்லுவார்கள். இரண்டுமே சட்டப்படி கூடாது. தாய்ப்பாலைக் காக்கும் அந்தச் சட்டம் தமிழிலும் சிங்களத்திலும் மிஸ்ஸியின் கைப்பைக்குள் எந்நேரமும் இருக்கும். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால்கூட நின்றபடி அதைத்தான் வாசிப்பார்.

ஒரு சம்பளச் சனிக்கிழமை, நானா கடையில் போத்தல்களைக் கடைபரப்பியிருந்தபோது வாசலில் கறுப்புக் குடை தெரிந்தது. பாய்ந்துபோய்க் கருவாட்டு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மூச்சை இழுத்தால் தும்மல், இழுக்காவிட்டால் மயக்கம். மிஸ்ஸி போத்தல்களைப் பார்த்தார், டின்களைத் திருப்பினார், நானாவிடம் மெதுவாகச் சொன்னார்: “கருவாட்டுக்குக்கூட இப்ப டை கட்டுறாங்களா நானா?”

நான் எழும்பவில்லை. மிஸ்ஸி வெளியே போய் மழையில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என் மோட்டார் சைக்கிள் நம்பரை எழுதினார். கடிதம் சுகாதாரக் கந்தோருக்குப் போகும் என்றார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் என் வேலை அதோடு சரி.

ஆனால் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றை வீட்டில் ஏற்கெனவே செய்து வைத்திருந்தேன். என் மனைவி ஜெசிந்தா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். பிரசவ லீவு முடிந்து மலைக்குப் போனதும், மற்றத் தாய்மாரைப் போலவே வேலை நடுவில் இறங்கி, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து மகள் அமலிக்குப் பால் கொடுத்தாள். எனக்கு அது வெட்கமாகப் போய்விட்டது. பால்மாக்காரன் பெண்டாட்டியே தாய்ப்பால் கொடுத்தால் டின்னை யார் வாங்குவார்கள்? இறங்கிப் போகாதே என்று சொல்லிவிட்டேன். டின்னையும் போத்தலையும் காம்பரா ஆயாவிடம் கொடுத்து, மிஸ்ஸி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஆயா போத்தலைத் தன் சாக்குப் பைக்குள் ஒளித்து வைத்தாள். கழுவியது மலையிலிருந்து வடியும் பீலித் தண்ணீரில், கொதிக்க வைக்காமல்.

கருவாட்டுச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம் அமலிக்கு வயிற்றோட்டம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்தி அனுப்பினார்கள். தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்றார் டாக்டர். பிள்ளை போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்பியது. கை கால் குச்சியாகிவிட்டது. அழக்கூடச் சத்தம் வரவில்லை.

“எனக்குப் பால் வத்திப் போச்சுங்க,” என்றாள் ஜெசிந்தா. “நீங்கதான் எறங்கிப் போகாதன்னு சொன்னீங்க.”

 டையைக் கழற்றிவிட்டு மிஸ்ஸி வீட்டுக்கு ஓடினேன்.

அவர் கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “லெட்டர அன்னைக்கே பொட்டியில போட்டுட்டேன், டைக்காரத் தம்பி. அத நிப்பாட்டச் சொல்லி வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிருங்க.”

“புள்ளைக்கு முடியல மிஸ்ஸி” என்றேன். எதற்காகப் பால் நின்றது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் லயத்து அறையில் அவர் சொன்னதுதான் சட்டம். போத்தல் குப்பைக்குப் போனது. கொதித்து ஆறிய தண்ணீரில், அளவு கரண்டியால் அளந்து, என் கம்பெனிப் பால்மாவையே கலக்கினார். சின்னக் கோப்பையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் பிள்ளையை ஜெசிந்தாவின் மார்பில் போட்டுச் சப்ப வைத்தார். பால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சப்பினால்தான் ஊறும் என்றார். வேலை முடிந்ததும் டின்னை எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் வீட்டிலும்!

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நான்காம் நாள் ஜெசிந்தா அழுதுகொண்டே போதும் மிஸ்ஸி என்றாள். மிஸ்ஸி அவள் தலையைத் தடவிவிட்டு, மறுபடியும் பிள்ளையைக் கையில் கொடுத்தார். நான் வாசலில் நின்று தெரிந்த செபமெல்லாம் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன்.

ஆறாம் நாள் மத்தியானம் மிஸ்ஸி திடீரென்று கையைத் தூக்கினார். பேசிக்கொண்டிருந்த என் மாமியார் வாயை மூடினார். தகரக் கூரையில் மழைகூட அப்போது இல்லை.

“கேளுங்க” என்றார் மிஸ்ஸி.

அமலி விழுங்கும் சத்தம் கேட்டது. மடக், மடக் என்று. நான் சுவரில் முகத்தை வைத்து அழுதேன்.

இரண்டு கிழமை கழித்துச் சுகாதாரப் பரிசோதகர் கடிதத்தோடு நானா கடைக்கு வந்தார். மிஸ்ஸி சாட்சிக்கு நின்றார். பரிசோதகர் வாசித்த மோட்டார் சைக்கிள் நம்பர் என்னுடையதில்லை. மழையில் பார்த்து எழுதியதில் ஓர் இலக்கம் பிழைத்திருந்தது. நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பேசாமல் இருந்தால் தப்பிவிடலாம். மிஸ்ஸியின் முகம் முதல்முறையாகச் சுருங்கியது.

“கடைசி இலக்கம் மூணு இல்ல சேர், எட்டு” என்றேன். “மோட்டார் சைக்கிள் என்னோடதுதான். போத்தல் குடுத்ததும் நான்தான்.”

வேலை போனது, நானா கடையிலேயே கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். அடுத்த நாள் மிஸ்ஸி வந்தார். வழக்கம்போலத் தட்டுக்குப் போனார். டின்கள் எல்லாம் ஏற்கெனவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“சீனி கால் கிலோ போடுங்க, அமலியோட அப்பா” என்றார்.

அதுவரை நான் டைக்காரத் தம்பி. அமலியின் அப்பா என்று என்னை முதன்முதலில் கூப்பிட்டவர் அவர்தான்.