உப்புக்கட்டி எல்லை தாண்டிய கதை

ஒரு காட்டில் காளான் இருந்தது, உப்பு இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு காட்டில் உப்பு இருந்தது, காளான் இல்லை. இரண்டுக்கும் நடுவே, என்றைக்கோ காற்றில் சாய்ந்த பெரிய மருத மரம் ஒன்று ஓடைக்குக் குறுக்கே கிடந்தது.

காளான் உள்ள மருதங்காட்டைச் சிங்கம் ஆண்டது. உப்பு உள்ள கடம்பங்காட்டைப் புலி ஆண்டது. ஆண்டது என்றால், சாப்பிட்டது, தூங்கியது. அதனால் குடிகளுக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

மருதங்காட்டில் சன்னாசி என்றொரு முள்ளம்பன்றி. கறையான் புற்றில் முளைக்கும் காளானைப் பறித்து, முதுகு முள்ளில் குத்திக்கொண்டு, தினமும் காலையில் அந்த மரத்தின் மேல் பாதி தூரம் நடந்து வருவான். கடம்பங்காட்டிலிருந்து பேச்சி என்கிற மிளாமான் ஓர் உப்புக்கட்டியைக் கவ்விக்கொண்டு எதிரே வருவாள். அவள் காளானைத் தின்பாள், அவன் உப்பை நக்குவான். ஒருநாள் உப்பில்லை என்றால் முள்ளம்பன்றிக்கு நாக்கு செத்துப்போகும். ஒரு மாதம் இல்லை என்றால் முள் உதிர்ந்துபோகும்.

"என்னக்கா, இன்னிக்குக் கட்டி சின்னதா இருக்கே?"

"உன் காளான் மட்டும் என்ன குடை சைஸுக்கா இருக்கு? நக்கிட்டுப் போடா முள்ளுத்தலையா."

ஏழு வருடம் இப்படித்தான் ஓடியது.

ஒருநாள் சிங்கத்துக்கும் புலிக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்துத் தொலைத்தது. இரு கரையிலும் நேருக்கு நேர் நின்றுவிட்டார்கள். சண்டை போட வெயில் அதிகம். திரும்பிப் போனால் மானம் போகும். சிங்கத்தின் செயலாளரான நரி சட்டென்று தொண்டையைக் கனைத்து, "உச்சி மாநாடு தொடங்குகிறது" என்றது.

"எதைப் பத்தி?" என்று புலி மெல்லக் கேட்டது.

"இரு காடுகளின் வணிக ஒத்துழைப்பை வலுப்படுத்துவது பற்றி."

இரண்டு அரசர்களும் அந்தக் கவலையிலேயே இளைத்துப்போனவர்கள் மாதிரித் தலையாட்டினார்கள்.

கூட்டுக் குழு ஒன்று அமைந்தது. குழு மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு அறிக்கை கொடுத்தது: 'இரு காடுகளுக்கிடையே தற்போதைய வணிகம், பூஜ்யம்.'

சன்னாசிக்குப் பொறுக்கவில்லை. நேரே நரியிடம் போனான். "ஐயா, நாங்க தினமும் பண்றோமே!"

நரி அவனை இரக்கத்தோடு பார்த்தது. "தம்பி, அது பழக்கம். பதிவேட்டுல இருந்தாத்தான் வணிகம். பூஜ்யத்துல ஆரம்பிச்சாத்தான் வளர்ச்சி பெருசாத் தெரியும். நடுவுல நீ வந்து குழப்பாத."

ஒப்பந்தம் கையெழுத்தாக ஒரு கரையில் மேடையும் மறு கரையில் நட்பு வளைவும் வேண்டியிருந்தது. நல்ல மரமாகத் தேடினார்கள். ஓடைக்குக் குறுக்கே ஒன்று சும்மா கிடந்தது. யானைகள் அதை இழுத்துப் பிளந்து, பாதியை மேடையாக்கின, பாதியை வளைவாக்கின. ரிப்பன் வெட்ட நண்டு வந்திருந்தது. கைதட்ட முடியாதவர்கள் வாலை ஆட்டினார்கள்.

மறுநாள் காலை சன்னாசி முதுகு நிறையக் காளானோடு வந்து நின்றான். எதிர்க்கரையில் பேச்சி, வாயில் உப்புக்கட்டியோடு. நடுவில் ஆடி மாதத்துத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

"மரம் வழியா அனுப்புறது முறைகேடு. இனிமே படிவம் வழியாத்தான்" என்றது நரி.

படிவத்துக்கு வரிசை இருந்தது. சன்னாசிக்கு முன்னால் ஒரு நத்தை.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"தெரியல தம்பி. ஆனா நல்லாத்தான் இருக்கு. வாழ்க்கையில முதல் தடவையா எல்லாரும் என் வேகத்துல வர்றாங்க."

படிவம் எட்டுத் தேக்கிலை நீளம். காளானின் பிறந்த தேதி, காளானின் தகப்பன் பெயர், முள் தெரியாத புகைப்படம் இரண்டு. சன்னாசி முள்ளை அமுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றான். படம் எடுத்த குரங்கு செல்போனைத் தாழ்த்தி, "இங்க ஒரு முள்ளம்பன்றி நின்னுச்சே, எங்கய்யா? நீ யாரு, பெருச்சாளியா?" என்றது. பெருச்சாளி என்றே பதிவானது. முள்ளம்பன்றி கொண்டுவந்த காளான் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி படிவம், மறுபடி படம், மறுபடி பெருச்சாளி.

ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதி கடம்பங்காட்டுக்குப் போகவேண்டும். கொக்கு அதைக் கவ்விக்கொண்டு ஓடையைத் தாண்டிப் பறந்தது.

"கொக்கண்ணே, அப்படியே இந்தக் காளானையும் கொண்டுபோயேன். பக்கத்துலதானே!"

கொக்கு கோப்பைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னது. "நான் கோப்புப் பிரிவு. சரக்குப் பிரிவுக்கு இன்னும் ஆள் எடுக்கல." கோப்பை மறுபடி கவ்விக்கொண்டு பறந்தது.

காளான் முதுகிலேயே அழுகியது. ஆவணி முடிவதற்குள் முள் உதிர ஆரம்பித்தது.

ஆனால் கோப்புகளோடு மருதங்காட்டுக் கறையானும் போயிருந்தது. கடம்பங்காட்டு அலுவலகத்தில் அது படிவங்களைத் தின்று, நாற்காலிகளைத் தின்று, ஆளுயரப் புற்று கட்டியது. மழை பெய்தது. புற்றைச் சுற்றி வெள்ளைவெளேரென்று காளான் முளைத்தது. 'ஒப்பந்தத்தின் முதல் வெற்றி' என்று குழு அறிவித்தது.

பேச்சி கரைக்கு ஓடிவந்து கத்தினாள். "சன்னாசி! இங்கயே காளான் முளைச்சிருச்சுடா!"

சன்னாசி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்ப இனிமே நான் வேண்டாமாக்கா?"

பேச்சி அவன் முதுகைப் பார்த்தாள். பாதி முள் இல்லை. உப்புக்கட்டி ஒன்றை ஓடைக்குள் உதைத்துத் தள்ளினாள்.

"குடிடா, முள்ளுத்தலையா."

சன்னாசி குனிந்து குடித்தான். லேசாகக் கரித்தது. ஏழு வருடத்தில் ஒன்றும் கொடுக்காமல் அவன் வாங்கிய முதல் உப்பு அது.

மூன்று நாள் இப்படி நடந்தது. நாலாம் நாள் சிங்கத்துக்குத் தாகம் எடுத்தது. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது. குழு ஓடிவந்து நக்கிப் பார்த்தது. "மன்னா, உப்பு இறக்குமதி! பூஜ்யத்திலிருந்து இவ்வளவு!" மறுபடி விழா, மறுபடி நண்டு. ஓடைக்கரை நெடுக வேலி போட்டுப் பலகை மாட்டினார்கள்: 'இது இறக்குமதி நீர். படிவம் ஒன்பது இல்லாமல் குடிக்கக் கூடாது.'

படிவம் ஒன்பது இன்னும் அச்சாகவில்லை.

இப்போதும் காலையில் சன்னாசி வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, மிச்சமிருக்கும் நாலைந்து முள்ளோடு நிற்கிறான். எதிர்க்கரையில் பேச்சியும் வந்து நிற்கிறாள். இருவரும் வாய் திறப்பதில்லை. பேச்சும் 'சேவை ஏற்றுமதி'யில் சேருமாம், அதற்கும் படிவம் வேண்டுமாம்.

நீதி: உப்பிட்டவரை உள்ளளவும் நினை; நினைப்பதற்கு மட்டும் இன்னும் படிவம் வரவில்லை.